கதிரையை இழுத்த டொக்டர்

லண்டன் மருத்துவக் கல்லூரி ஒன்றில், சாகக்கிடக்கும் நோயாளியாக நடித்து டொக்டர்மாருக்குப் பரிவு பழக்குவது யோகலிங்கத்தின் வேலை. தொண்ணூற்றாறாம் ஆண்டு வகுப்பில் மதுரைப் பையன் பாஸ்கரன்தான் சரியான மக்கு. "பேனையை உள்ள வையும், கதிரையைக் கிட்ட இழுத்து இரும், பிறகு கெட்ட செய்தியைச் சொல்லும்" என்று அவனை மூன்று தரம் ஏசியிருந்தார்.

அடுத்த வருடம், தன் சொந்த ஸ்கேன் முடிவுக்காக ஆஸ்பத்திரியில் காத்திருந்த யோகலிங்கத்திடம் வந்தவன் அதே பாஸ்கரன். பேனையைப் பைக்குள் வைத்தான். கதிரையைக் கிட்ட இழுத்தான். கெட்ட செய்திக்கு அவர் பழக்கிய அதே பாடம். நல்ல செய்திக்கும் இவன் இந்தப் பாடத்தைத்தான் ஒப்பிக்கிறானோ?

"என்னட்டையே நடிக்கிறீரோ?" என்று சீறினார்.

"இல்ல சார்..." என்றான் பாஸ்கரன். அவன் கண்கள் நிறைந்துவிட்டன.

அதை யோகலிங்கம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.