தரையில் நிற்காத மோரிஸ்

1996 ஆகஸ்ட் நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணியிலிருந்து ராயப்பராஜ் வாத்தியாரின் மோரிஸ் கார் தரைக்கு அரை அடி மேலே நின்றது. திண்டுக்கல்லில் அன்று குழாயில் தண்ணீர் வந்த நாள். ஆகவே தெருவில் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை.

இதற்கெல்லாம் காரணம் அவர் மனைவி வியாகுலம்மாளின் இடுப்பு. 1991இல் சித்தையன்கோட்டைக்கு ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போகையில், அந்தக் கிழட்டு வண்டி குண்டும் குழியுமான ரோட்டில் தூக்கித் தூக்கிப் போட்டு இடுப்பைப் பிடிக்க வைத்துவிட்டது. “இனிமே இதுல கால் வச்சேன்னா ஏன்னு கேளுங்க” என்றவர், ஐந்து வருடம் பஸ்ஸில்தான் போனார். வாத்தியார் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போவார். பெயிண்ட், எஞ்சின், மெத்தை எல்லாவற்றையும் புதிதாக்கியும் பக்கத்து சீட்டு காலியாகவே கிடந்தது. அது அவருக்குத் தாளாத துக்கம்.

கடைசியில் குற்றவாளி ஷாக் அப்சார்பர்தான் என்று கண்டுபிடித்தார். நான்கையும் கழற்றி, மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டு, துருவைச் சுரண்டி, தேய்ந்த ரப்பர் வளையங்களை மாற்றினார். அந்த ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று பொய் சொல்லிப் பூசைக்கு மட்டம் போட்டுவிட்டு எண்ணெய் நிரப்ப உட்கார்ந்தால், நாலாவதற்குக் குறைந்தது. கடைகள் அடைப்பு. அடுப்படி அலமாரியில் ஒரு பாட்டில் இருந்தது. அது வேளாங்கண்ணியிலிருந்து வியாகுலம்மாள் தன் இடுப்புக்கென்று கொண்டுவந்த மாதா எண்ணெய் என்பது, எல்லாம் மாட்டி முடித்தபிறகுதான் உறைத்தது. ஜாக்கி இறங்கியது, வண்டி இறங்கவில்லை. வாத்தியார் சத்தமில்லாமல் பாட்டிலில் தேங்காய் எண்ணெயை ஊற்றி வைத்தார்.

சக்கரம் காற்றில் சுற்றியது, வண்டி போனது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மைலேஜ் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு பள்ளம்கூடத் தெரியவில்லை. ஆனால் வியாகுலம்மாள், “பூமியில நிக்காத வண்டியிலயா நான் ஏறுவேன்?” என்றுவிட்டார். வண்டியைத் தரையில் இறக்க எட்டு மூட்டை சின்ன வெங்காயத்தை ஏற்றியும், நூற்றுப் பத்து கிலோ கமலக்கண்ணன் வாத்தியாரை ஏற்றியும் அது அசைந்து கொடுக்கவில்லை.

டிசம்பரில் பதிவைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் மோட்டார் ஆய்வாளர் நூர் அகமது குனிந்து பார்த்தார். “நல்லா வச்சிருக்கீங்க சார். ஆனா பிரேக் போட்டா டயர் ரோட்டுல தேயணுமில்ல? தரையத் தொடாத வண்டிக்கு எப்படிக் கையெழுத்துப் போட? பழைய இரும்புக்குத்தான் போகும்.”

அப்போது டவுன் பஸ்ஸிலிருந்து வியாகுலம்மாள் இறங்கினார். மார்கழி விடியற்காலைக் குளிரில் பாட்டில் எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து, புருஷனின் குட்டு வெளிப்பட்டிருந்தது. “என் மாதாவ வண்டிக்குள்ள ஊத்திட்டு எனக்குத் தேங்காண்ணெயா? அவ உள்ள சொகமா இருக்கா, நான் வெயில்ல நிக்கவா?” என்று கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். அவர் எடை நாற்பத்திரண்டு கிலோ. வண்டி மெல்ல இறங்கி, நான்கு டயரும் தரையில் அமர்ந்தன.

“அம்புட்டு கனமாவா இருக்கேன்?” என்றார் கோபமாக.

ஆய்வாளர் ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். டயர் தரையைத் தொட்டது, இடுப்பு குலுங்கவில்லை. ‘வியாகுலம்மாள் முன் சீட்டில் இருக்கும்போது மட்டும் ஓட்டத்தக்கது’ என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதி முத்திரை குத்தினார். “கவர்மெண்டே எழுதிருச்சு, என்ன செய்ய” என்றார் வியாகுலம்மாள், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு. வாத்தியார் சந்தோஷத்தில் கியர் மாற்ற மறந்து முதல் கியரிலேயே வீடு வந்து சேர்ந்தார்.

2006இல் வந்த புது ஆய்வாளர் எஞ்சின் எண்ணைச் சரிபார்த்தார், சேஸிஸ் எண்ணைச் சரிபார்த்தார், பிறகு முன் சீட்டுப் பக்கம் குனிந்து அம்மாளின் பெயரைக் கேட்டு, அதற்கும் ஒரு டிக் அடித்தார்.