'சிவிலியன்': எடுத்துக்காட்டு வாக்கியம்

1.
சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இந்தக் கதை ஓர் அட்டையிலிருந்து வந்தது. எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை: பொருள், வேர், எடுத்துக்காட்டு வாக்கியம். அடியில் எழுதியவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் அச்சுக்குப் போகாது.

2.
இடி முழங்க ஜீப்பில் வந்திறங்கிய ராணுவ அதிகாரி...

(வேண்டாம். அன்று நல்ல வெயில். மனிதர் சைக்கிளில்தான் வந்தார். பின்சக்கரத்தில் காற்றும் குறைவு.)

சண்டைக்காலம். அச்சாகும் எதையும் அவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். 'சிவிலியன்' அட்டையில் அவர் விரல் நின்றது. எழுதியவள் காற்புள்ளி, பேச்சை முடிக்கவே மாட்டாள் என்பதால் நாங்கள் வைத்த பெயர். சரிபார்க்க வேண்டியவன் நான்.

எடுத்துக்காட்டாக அவள் எழுதியிருந்தது: 'தண்ணீர்க் குழாய் சரிசெய்யப் போய்ப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட பிட்டர் ஒரு சிவிலியன்.'

அந்தக் குழாய் பிட்டர் அவள் கணவர். ராணுவப் பட்டியலில் அவர் 'ஆயுதம் ஏந்தியவர்'. ஆயுதம், குழாய் முடுக்கும் ரெஞ்ச்.

3.
'படை சிவிலியன்களைக் காக்கிறது' என்று மாற்றச் சொன்னார் அதிகாரி. காற்புள்ளி வேரிலிருந்து ஆரம்பித்தாள். லத்தீனில் குடிமகன் என்று பொருள்படும் சொல்லில் பிறந்தது. முதலில் உரிமையியல் சட்டம் கற்றவரைக் குறித்தது. படையில் சேராதவர் என்றானதெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான்.

"சட்டம் படிச்சவங்க பேரு சார் இது. இப்ப நீங்க போக மிச்சம்னு ஆக்கிட்டீங்க, ஊரே மிச்சமா,"

"வாக்கியத்த மாத்தும்மா. வேல போயிடும்."

"மாத்துறேன், ஆனா இந்த அட்டையில இல்ல,"

'படைவீரர்' அட்டையை உருவினாள். இருந்த பொருளை அடித்து, 'சிவிலியன் அல்லாதவர்' என்று எழுதி, கையெழுத்திட்டு நீட்டினாள். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

4.
முடிவுகள் கைவசம் மூன்று. அதிகாரி சிரித்து அனுமதி தந்தார் (எனக்கே நம்பிக்கையில்லை). அல்லது, சீருடைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் கழன்று உருண்டோட, பொறுக்கக் குனிந்தவர் நிமிர்ந்தபோது யாரோ ஒரு சாதாரண ஆள் (டீக்கடையில் நான் சொல்லும்போது இதற்குத்தான் மவுசு). அல்லது, அச்சுக்கூடமே அவள் பக்கம் நின்று...

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அகராதி வெளிவந்தது. அதில் படை சிவிலியன்களைக் காக்கிறது. அந்த அட்டையில் இரண்டு கையெழுத்தும் இருக்கின்றன. அவளுடையதையும் நான்தான் போட்டேன்.