ஓர் எழுத்துக்கு முந்தி

பதிப்பகத்தில் அவளுக்குப் பெயர் புரூஃப் அக்கா. முப்பத்தைந்து வருடமாக அடுத்தவர் எழுத்தில் பிழை பார்த்தே வயிறு வளர்த்தவள். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு புள்ளிகூட அச்சேற முடியாது என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அன்று மேசைக்கு வந்தது தோட்டம் போடுவது பற்றிய ஒரு புத்தகம். மூன்றாம் பக்கத்தில் 'மறநாள்' என்றிருந்தது. சிவப்புப் பேனாவால் 'மறுநாள்' ஆக்கினாள். ஐந்தாம் பக்கத்தில் 'அறபது செடிகள்'. ஏழாம் பக்கத்தில் 'உறதியாக வேர் பிடிக்கும்'. பேனா நின்றுவிட்டது.

'று' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ற' தட்டுகிற விரல் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது அவளுடைய முதல் வேலையில் பக்கத்து மேசையில் இருந்த டைப்பிஸ்டின் விரல். 'உறதி' என்றே அவனுக்குப் பட்டப்பெயர். அவன் தட்டுவான், இவள் திருத்துவாள். அந்தச் சாக்கில் காதலும் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அவன் ஊருக்குப் போயிருந்த சமயம், இவளுக்கு ஒரு வரன் வந்தது. என்ன சொல்லட்டும் என்று கேட்டு எழுதினாள். பதில் டைப் அடித்து வந்தது: 'அப்பா இன்னும் தேறவில்லை. இப்போது வர முடியாது. மறத்துவிடு.' அழுதுகொண்டே, பழக்கதோஷத்தில், 'த்'தை அடித்து 'ந்' போட்டாள். மறந்துவிடு. அந்த ஆத்திரத்தில் வரனுக்குத் தலையாட்டினாள். வந்தவர் தங்கமான மனிதர். குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அவர் போய் ஏழு வருடமாகிறது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவின் அடித்தட்டைக் குடைந்து கடிதத்தை எடுத்தாள். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். திருத்தியிருக்க வேண்டியது 'த்' அல்ல, அதற்கு முந்திய எழுத்து. அவன் மறக்கச் சொல்லவில்லை. அந்த வரனை மறுத்துவிடச் சொல்லியிருக்கிறான்.

மகள் பல் டாக்டர். முழுவதையும் கேட்டுவிட்டு, "போய்ப் பாரு" என்றாள்.

"இத்தனை வருஷம் கழிச்சுப் போய் நின்னா சிரிக்க மாட்டாரா?"

"சிரிச்சா பல்லு நல்லா இருக்கான்னு பாத்துட்டு வா."

"குடும்பம் இருந்தா?"

"மன்னிப்பு கேட்டுட்டு வந்துடு. தப்பு உன்னோடதுதானே?"

"அப்பாவை நெனச்சா..."

"அப்பாவுக்கு நீ ஒரு குறையும் வைக்கலம்மா. கூடவே இருந்து பாத்தவ நான்."

தோட்டப் புத்தகத்தின் கடைசித் தாளில், அதை டைப் அடித்த கடையின் விலாசம் இருந்தது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வழி நெடுக, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று மனசு சொல்லிக்கொண்டே வந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை.

ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. நரைத்த தலை நிமிர்ந்தது. கண்ணாடிக்கு மேலாக அவளை வெகுநேரம் பார்த்தது.

"என்ன, பக்கத்துக்கு எத்தனை தப்பு?" என்றார்.

அவள் கடிதத்தை நீட்டினாள். படித்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"நான் எங்க மறந்துவிடுன்னு எழுதினேன்?"

"நான்தான் திருத்தினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பதிலே வரல. நல்ல இடம் அமைஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. கேட்டுவிட்டாள். "உங்க வீட்ல எல்லாரும்...?"

"வீட்ல நான் மட்டும்தான். வரனெல்லாம் வந்துச்சு. உன்னை மறுக்கச் சொல்லிட்டு நான் எப்படி சரின்னு சொல்றது? எல்லாத்தையும் மறுத்துட்டேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'ந்'தை அடித்து 'த்'தைத் திரும்பக் கொண்டுவந்தாள். 'ற'வை 'று' ஆக்கினாள். பிறகு, பிழையெல்லாம் தீர்ந்த கடைசிப் புரூஃபில் எழுதுவதைத் தாளின் அடியில் எழுதினாள்: 'அச்சுக்குப் போகலாம்.' கையெழுத்துப் போட்டு, அன்றைய தேதியும் போட்டாள்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"உறதியாவா?" என்றார், வேண்டுமென்றே.

"உறுதியா" என்று திருத்தினாள்.