தெரு நடுவே ஒரு தடம்

லாரிக்காரர் இருபத்தெட்டு வருஷம் அந்தப் பழைய நகரத்தின் மதிலைச் சுற்றி வண்டி ஓட்டியவர். உள்ளே ஒரு முறைகூட நுழைந்ததில்லை. கனரக வண்டிகளுக்கு அனுமதியில்லை என்று வாசலிலேயே பலகை மாட்டியிருந்தார்கள். லாரி போகாத ஊரெல்லாம் ஓர் ஊரா என்பது அவர் கட்சி. இப்போது மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அதே வாசல் வளைவின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தவர், திறந்த வாயை மூடவில்லை. நானூறு வருஷத்துக் கல் என்றார் வீட்டுத் தரகர். ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆள் படுத்துத் தூங்கலாம் போல இருந்தது.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. நேர் எதிரே இருப்பது தெரியும். பக்கவாட்டும் காலடியும் தெரியாது. லைசென்ஸ் போயிற்று. இப்போது இருக்கும் வீட்டில் ஒரு தீப்பெட்டி வேண்டுமென்றாலும் ஆறு வரிசை வண்டிகளைத் தாண்டவேண்டும். அவரைத் தனியே விடப் பயந்து மூன்று மாதமாக மனைவி விடுப்பில் இருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மேற்பார்வை வேலை. திங்கட்கிழமை திரும்பாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அவர் தனியாக நடமாட ஒரு தெரு வேண்டும், அவள் தேடியது அவ்வளவுதான்.

வீடு இரண்டாம் மாடியில், இரண்டு அறை. ஜன்னலுக்குள் கையை விட்டுப் பார்த்தார் லாரிக்காரர். தோள்வரை போயும் சுவரின் வெளி விளிம்பு எட்டவில்லை. உள்ளே அப்படி ஓர் அமைதி. கீழே யாரோ செருப்புத் தேய நடந்துபோனது மாடிவரை கேட்டது. எஞ்சின் சத்தமில்லாத பகலை அவர் அன்றுதான் கேட்டார்.

நாலு மணிக்கு வீட்டைப் பார்க்க வேறு ஆள் வருகிறார் என்று தரகர் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி குழாயைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. கணவரைக் கீழே கூட்டிவந்து, முனையிலிருந்த ரொட்டிக்கடைக்குத் தனியாகப் போய்வரச் சொன்னாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நான் என்ன குழந்தையா?"

"குழந்தைன்னா இடுப்புல வெச்சுட்டே வேலைக்குப் போயிடுவேன். நீங்க கனம்."

அவர் விறைப்பாகக் கிளம்பினார். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு இரண்டு படிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதன்பிறகு பூந்தொட்டி, சைக்கிள், இன்னொரு படி. பத்து வீடு தாண்டுவதற்குள் முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது. இது நமக்குச் சரிப்படாது என்று நின்றுவிட்டார். மனைவியின் முகம் விழுந்துவிட்டது.

அங்கேயிருந்த மருந்துக்கடையிலிருந்து கடைக்காரம்மா பஞ்சோடு வெளியே வந்தாள். அவர் நடந்ததை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவள்.

"ஏங்க, ஏன் சுவரை ஒட்டியே போறீங்க?"

"பின்னாடி வண்டி வந்தா?"

"இங்க எங்கேருந்து வண்டி வரும்?"

லாரிக்காரர் அசடு வழிந்தார். நடக்கிறவன் ஓரமாகத்தான் போகவேண்டும் என்று வாழ்நாள் முழுக்க ஹாரன் அடித்துத் திட்டியவராயிற்றே. கூச்சத்தோடு தெருவின் நடுவுக்கு வந்தார். கால் லேசாக இறங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தடவினார். கல்லில் ஒரு பள்ளம், தட்டின் உட்புறம்போல வழவழவென்று. அடுத்த கல்லிலும் அது தொடர்ந்தது, அதற்கடுத்ததிலும். யார் செதுக்கியது என்று கேட்டார். யாரும் செதுக்கவில்லை, நடந்து நடந்தே தேய்ந்தது என்றார் கூடவே இறங்கி வந்திருந்த தரகர்.

"டயர் தேஞ்சு பார்த்திருக்கேன். கல்லு தேயுமா?"

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை பேர், எத்தனை தலைமுறை, எத்தனை காலைகள். தண்ணீர் சுமந்தவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், கடன்காரனுக்குப் பயந்து ஒளிந்து போனவர்கள், எல்லோரும் இதே ஒரு முழ அகலத்தில். ஒருவர் பெயரும் யாருக்கும் தெரியாது. அவர்களுடைய பாதம் மட்டும் அவருடைய பாதத்துக்கு அளவாக இருந்தது. தன்னைப்போலக் கண் தெரியாத எவனாவதுகூட இதில் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். ஒரு படியிலும் இடிக்கவில்லை. முனையில் தடம் தானே வளைந்து ரொட்டிக்கடை வாசலில் கொண்டுபோய் விட்டது. அவர் முனை திரும்பி மறைந்திருந்த அந்த ஐந்து நிமிஷமும் மனைவி அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கக்கத்தில் ரொட்டியும் கையில் செருப்புமாகத் திரும்பி வந்தார். காலடியைத் தேடிக் குனியாமல், லாரியின் உயர்ந்த இருக்கையில் இருப்பவர்போல நிமிர்ந்து வந்தார். மனைவி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். அவர் அதைப் பிடிக்கவில்லை. ரொட்டியை அதில் வைத்தார்.

"திங்கக்கிழமை நீ வேலைக்குப் போ," என்றார். "என்னைக் கூட்டிட்டுப் போக இங்க நிறைய பேர் இருக்காங்க."