கெங்கம்மாள் நடத்திய ‘உள்ளங்கை’

1974ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் சந்தை மைதானத்தில், ரம்பத்தால் இரண்டாக அறுக்கப்பட்ட கெங்கம்மாள் திரும்ப ஒன்றுசேரவில்லை. ரத்தமில்லை, கூச்சலில்லை. இடுப்புக்கு மேல் ஒரு பெட்டியிலும் இடுப்புக்குக் கீழ் இன்னொரு பெட்டியிலுமாக அவள் கிடந்தாள். மேல் பாதி கண்ணை மூடிக்கொண்டது, கீழ்ப் பாதி கால்மேல் கால் போட்டுக்கொண்டது. தொழில் தெரியாதவர்கள் வித்தை கெட்டுவிட்டது என்றார்கள். அது தப்பு. அறுப்பது வித்தைக்காரன் வேலை, சேருவது பெட்டிக்குள் இருப்பவள் வேலை. இந்தத் தொழில் தோன்றிய நாளிலிருந்து அப்படித்தான். அன்று கெங்கம்மாள் சேர மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

காரணம் இல்லாமல் முடிவெடுக்கிறவள் இல்லை அவள். எட்டு வருஷத்துக்கு முன்னால் போளூருக்குப் புளி விற்கப் போன இடத்தில் வித்தை பார்த்து, அந்தக் கூட்டத்தோடேயே போய்ச் சேர்ந்துகொண்ட மலைப்பெண். வித்தைக்காரன் பாண்டுரங்கன், கெங்கம்மாள் என்று சொன்னால் டிக்கெட் விற்காது என்று மிஸ் ரோஸி ஆக்கிவிட்டான். ஊர் ஊராக அந்தப் பேரிலேயே அறுபட்டு, அந்தப் பேரிலேயே எழுந்து வந்தாள். சொந்த மலையில் ஆட்டம் என்றதும், பவுடர் பூசிக்கொண்டே அவனிடம் கேட்டாள்: “இன்னிக்கு ஒரு நாளு எம்பேரைச் சொல்லிக் கூப்டுங்க. எங்கம்மா வந்துகீது.” பாண்டுரங்கன் தலையை ஆட்டினான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் அவளுடைய பேர் என்ன என்பது அவனுக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டான். நேரம் வந்ததும் வாயில் வந்தது வழக்கமான வரிதான்: எழுந்து வா, மிஸ் ரோஸி. முன்வரிசையில் இருந்த அம்மா பெரியம்மாள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “எம்பொண்ணு மாதிரியேதான் கீது. இது யாரோ ரோஸியாம்” என்று பக்கத்தில் சொல்லிவிட்டு நடந்தாள். அது பெட்டிக்குள் கேட்டது. பாண்டுரங்கன் ரோஸி, ரோஸி என்று கெஞ்சிப் பார்த்தான். கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியதும் பெட்டி, ரம்பம், புறா எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஆலங்காயம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி ஓடிவிட்டான்.

மேல் பாதியை ஊர்க்காரர்கள் கூடையில் தூக்கிக்கொண்டு போனார்கள். கால்கள் பின்னாலேயே நடந்து வந்தன. பெரியம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். மகள்தான் என்று தெரிந்தது. தெரிந்தும் அவள் சொன்னது இதுதான்: “சோறு போடறேன், பாய் போடறேன். பேரைச் சொல்ல மாட்டேன். பேரை மாத்தனவன் அதே சந்தையில நின்னு, எங் காது கேக்க, திருப்பிச் சொல்லட்டும்.” தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. அவன் வந்து சொல்லும்வரை நானும் சேரப்போவதில்லை என்றாள் மகள். அன்றிலிருந்து அந்த வீட்டில் களித்தட்டு வரும்போதெல்லாம் கூடவே “இந்தா” என்ற ஒரு சொல்தான் வந்தது. ரம்பம் வலிக்கவில்லை கெங்கம்மாளுக்கு. அந்த ‘இந்தா’ வலித்தது. தன் அம்மா வாயால் தன் பேரைக் கேட்காமல் சாகக் கூடாது என்று அவள் வைராக்கியம் கொண்டாள்.

ஒரு வருஷம் விசாரித்துப் பார்த்ததில் பாண்டுரங்கன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. அவனாக வரமாட்டான், வரவழைக்க வேண்டும் என்று புரிந்ததும், போளூரில் அச்சகம் வைத்திருந்த தீர்த்தகிரியைப் பார்க்க மலையிறங்கினாள். பஸ்ஸில் மேல் பாதி சீட்டில் உட்கார்ந்தது, கால்கள் நின்றன. கண்டக்டர் இது ஆளா லக்கேஜா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, படிக்கட்டில் மட்டும் நிற்கக் கூடாது என்றார்.

“இன்னாண்ணே, மிஸ் ரோஸின்னு நோட்டீஸ்ல பெரிய எழுத்துல கோத்தது நீதானா?”

“குடுத்த மேட்டரைத்தானம்மா கோத்தேன். நானா பேரு வெச்சேன்?” என்றார் தீர்த்தகிரி.

“நீ கோத்ததாலதான் நாலு ஊரு நம்புச்சு. இப்ப எம்பேரைக் கோக்கக் கத்துக் குடு.”

தீர்த்தகிரி எழுத்துப் பெட்டியை இழுத்து அவள் முன்னால் வைத்தார். அச்சுக் கோக்கக் கற்றுக்கொடுத்தார். மூலையில் கிடந்த காலால் மிதித்து ஓட்டுகிற பழைய டிரெடில் மிஷினையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அதை லாரியில் ஏற்றி, ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டுக் கொட்டகையில் நிறுத்தினாள். கொட்டகைக்கு அந்தக் கோடியில் கால்கள் மிஷினை மிதித்தன. இந்தக் கோடியில் புளியமரப் பலகைமேல் உட்கார்ந்து மேல் பாதி எழுத்துக் கோத்தது. 1976ஆம் ஆண்டு தை மாதம் ‘உள்ளங்கை’ வெளிவந்தது: மேடை வித்தைக்காரர்களுக்கான மாத இதழ், ஆசிரியர் கெங்கம்மாள். இதழ் எதற்கு என்று தீர்த்தகிரி கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இன்றைக்கும் மலையில் பேசப்படுகிறது: “வித்தக்காரன் ஊர வுடுவான், பொண்டாட்டிய வுடுவான், தொழில வுட மாட்டான். அவன் ரகசியம் எங்கனா அச்சுல வந்துடுச்சான்னு பாக்காம அவனுக்குத் தூக்கம் புடிக்காது. எங்க இருந்தாலும் இதை வாங்குவான்.”

வாங்கினார்கள். எந்த ஊர்ச் சந்தையில் அடங்கின புறா கிடைக்கும், மழைக்காலத்தில் சீட்டுக்கட்டு நமுத்துப்போகாமல் இருக்க என்ன செய்வது, எந்த டூரிங் கொட்டகையில் மேடைப்பலகை உள்வாங்கும், எந்த ஊரில் முன்வரிசைக்காரர்கள் ஓசியில் வந்து உட்கார்ந்துகொண்டு நூல் தெரிகிறது என்று கத்துவார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஒரே ஒரு கட்டுப்பாடு. பெட்டிக்குள் படுப்பவர், சக்கரத்தில் கட்டப்படுபவர், கத்தி எறிய நிற்பவர் யாராக இருந்தாலும், அவர்களுடைய அம்மா வைத்த பேர் இல்லாமல் எந்த நிகழ்ச்சிக் குறிப்பும் அச்சேறாது. புரொபசர் என்று பட்டம் போட்டுக்கொண்ட பெரிய பெரிய வித்தைக்காரர்கள் எல்லாம் குதித்தார்கள். குதித்தவர்களின் குறிப்பு வரவில்லை. பக்கத்து ஊர்க்காரனின் குறிப்பு வந்தது. அடுத்த மாதம் ஆரணி மிஸ் ஜூலி என்பவர் முத்தம்மாள் என்றும், வேலூர் பிரின்சஸ் மாலா என்பவர் பாஞ்சாலி என்றும் நாட்டுக்குத் தெரியவந்தது. முத்தம்மாள் தன் பேர் அச்சான துண்டைக் கத்தரித்துப் பெட்டிமூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்துக்கொண்டு, அறுபடுகிற நேரமெல்லாம் படித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாள். கெங்கம்மாள் அந்தக் கடிதத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்றாவது இதழிலிருந்து பாண்டுரங்கனும் சந்தாதாரன். ஓடிப்போனவன் கண்ணமங்கலத்தில் மீசை வளர்த்து, மாயாவி மகேந்திரன் என்று பேர் வைத்துக்கொண்டு, அறுக்கிற வித்தையை மட்டும் விட்டுவிட்டுத் தொழில் நடத்திக்கொண்டிருந்தான். அந்த மலையிலிருந்து ஒரு இதழ் வருகிறது என்றதும் தன் கதை அதில் வந்திருக்குமோ என்று வாங்கிப் பார்த்தான். வரிக்கு வரி தேடினான். ரோஸி என்ற பேர் எங்கேயும் இல்லை. அந்தப் பேரை அவள் அச்சில் ஏற்றவே மாட்டாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நிம்மதியாகிவிட்டான். மதிப்பிற்குரிய ஆசிரியர் கெங்கம்மாள் அவர்களுக்கு என்று தொடங்கி, தங்கள் இதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படிக்கிறேன் என்று மாதம் தவறாமல் எழுதினான். கண்ணமங்கலம் மகேந்திரன் மரியாதை தெரிந்த மனுஷன் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

1979 மழைக்காலத்தில் கொட்டகைக் கூரையைத் துளைக்காமலே ஒரு வெள்ளைப்புறா உள்ளே வந்து விழுந்தது. மறுவாரம் முடிச்சுப் போட்ட பட்டுக் கைக்குட்டைகள், அதற்கடுத்து ஒரு முட்டை, பிறகு பார்வையாளர் யாரிடமோ வாங்கிய கைக்கடிகாரம். தமிழ்நாட்டில் எந்த மேடையிலாவது மறைய வைத்து, திரும்பக் கொண்டுவரத் தெரியாமல் போன பொருளெல்லாம் ‘உள்ளங்கை’ அலுவலகத்தின் உத்தரத்துக்கு வந்து சேர்கிறது என்பது போகப்போகத் தெரிந்தது. நட்சத்திரம் பார்க்க மலையில் தொலைநோக்கி வைத்திருந்த படித்தவர்கள் சிலர் வந்து கூரையைப் பார்த்தார்கள், பிறகு அவளுடைய இரண்டு பாதியையும் பார்த்தார்கள், இது நம்ம துறை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கெங்கம்மாள் ‘வந்து சேர்ந்தவை’ என்று ஒரு பகுதி தொடங்கினாள். உரியவர்கள் அடையாளம் எழுதினால் தபாலில் அனுப்பிவைத்தாள். புறாக்களுக்குச் சாமை போட்டு பஸ்ஸில் அனுப்பினாள்.

1983இல் பெரியம்மாளுக்குக் காது மந்தமாகிவிட்டது. முதலில் மழைச்சத்தம் கேட்கவில்லை, பிறகு ஆட்டுச்சத்தம். கெங்கம்மாளுக்குக் கதி கலங்கியது. இன்னும் கொஞ்ச நாள் போனால், அவன் வந்து சொன்னாலும் அம்மாவுக்குக் கேட்காது. இதழை எங்கோ வாங்கிக்கொண்டுதான் இருப்பான், ஆனாலும் தலைகாட்டவில்லை. இனிமேல் வலை வீசித்தான் பிடிக்க வேண்டும். மறைந்து திரும்பாதது எல்லாம் இங்கேதானே வருகிறது என்று யோசித்தவள், அந்தச் சித்திரை இதழில் ‘மனிதன் மறைதல்’ என்ற கட்டுரையை வெளியிட்டாள். மறையும் முறை அதில் படத்தோடு சுத்தமாக இருந்தது. கடைசியில் ஒரு வரி: திரும்பி வரும் முறை, இடமின்மையால், அடுத்த இதழில். அடுத்த இதழிலும் அதே வரிதான். பொறுமை உள்ளவன் எவன் வித்தைக்காரனாகப் போகிறான்? ஆழம் தெரியாமல் காலை விட்டார்கள். திண்டிவனத்துக்காரர் ஒருவர் கோட்டும் தொப்பியுமாகச் சாமைக் கொல்லையில் வந்து நின்றார். ஓசூர்க்காரர் புளியமரத்திலிருந்து இறக்கப்பட்டார். ஒவ்வொரு முகத்தையும் கெங்கம்மாள் உற்றுப் பார்த்து, இவனில்லை என்று கூழ் கொடுத்து, போளூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். ஊர்போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர்கூட வெளியே மூச்சு விடவில்லை. தன் வித்தை கெட்டது என்று எந்த வித்தைக்காரன் சொல்வான்?

1986 பங்குனியில், கண்ணமங்கலம் திருவிழா மேடையில், மூன்று வருஷம் அடுத்த இதழுக்குக் காத்துப் பொறுமை இழந்த மாயாவி மகேந்திரன் பெட்டிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான். அடுத்த நிமிஷம் ஜமுனாமரத்தூரில், அச்சடித்த தாள்கட்டுமேல் உட்கார்ந்திருந்தான். முதலில் அவன் கண்ணில் பட்டவை மிஷின் மிதித்துக்கொண்டிருந்த கால்கள். எட்டு வருஷம் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடக்க, அவன் பார்த்த கால்கள் அவனுக்குத் தெரியாதா?

“ரோஸி” என்றான்.

கால்கள் நின்றன. அந்தக் கோடியிலிருந்து மேல் பாதி, எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னது: “ரோஸின்னு இங்க யாரும் இல்லீங்க. ஆசிரியர் நான்தான்.”

பாண்டுரங்கன் ஒரு ஈரத்தாளை எடுத்து ஆசிரியர் பேரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மீசையெல்லாம் நனைய அழுதான். “நீங்களா கெங்கம்மாள்? பத்து வருசமா உங்களுக்குத்தானே லெட்டர் எழுதறேன்.”

அந்த மரியாதைக்காரன் யார் என்று அப்போதுதான் அவளுக்கும் புரிந்தது. கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. “லெட்டரெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எட்டு வருசம் கூடவே இருந்தப்ப, எம்பேரு இன்னான்னு ஒரு தபா கேட்டுருக்கலாம்” என்றாள்.

பெட்டியைக் கொண்டுவாருங்கள், இப்போதே சேர்த்துவிடுகிறேன் என்று அவன் எழுந்தான். உட்காருங்கள், அது என்றைக்கும் உங்கள் வேலை இல்லை என்றாள். அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதைச் சந்தையில் செய்ய வேண்டும்.

சந்தை நாளன்று, காகிதம் போட்டுவைத்திருந்த பழைய பெட்டிகளைத் துடைத்து மைதானத்தின் நடுவில் வைத்தார்கள். மேல் பாதி ஒன்றில் படுத்தது, கால்கள் மற்றதில் ஏறிக்கொண்டன. பெரியம்மாளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முன்னால் உட்காரவைத்தார்கள். பாண்டுரங்கன் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். இவர் பேர் ரோஸி இல்லை, கெங்கம்மாள் என்றான்.

“இன்னா சொல்றாரு?” என்றாள் பெரியம்மாள்.

இன்னும் உரக்கச் சொன்னான். அவள் காதுக்குக் கையைக் குவித்து மறுபடி “இன்னா?” என்றாள். புளிமூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். காலம் கடந்துவிட்டதோ என்று பெட்டிக்குள் கெங்கம்மாள் பயந்தாள், வாழ்க்கையில் அப்படிப் பயந்ததே இல்லை. பாண்டுரங்கன் மண்டியிட்டு, கிழவியின் காதருகில் வாயை வைத்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்: “நான் மாத்துனது தப்புங்கம்மா. அவங்க உங்க பொண்ணு. கெங்கம்மாள்.”

பெரியம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “அது எனக்குத் தெரியாதா? நான் வெச்ச பேரு” என்றாள். பிறகு பெட்டிப் பக்கம் திரும்பி, களி ஆறுகிறதே என்று கவலைப்படுகிறவள் குரலில் சொன்னாள்: “கெங்கம்மா. எழுந்து வா. வூட்டுக்குப் போவலாம்.”

கெங்கம்மாள் சேர்ந்து எழுந்தாள். வாய்விட்டு அழுதாள், அழுததற்கு வெட்கப்படவும் இல்லை. இதழ் அதற்குப் பிறகும் பல வருஷம் வந்தது. கோக்கவும் மிதிக்கவும் ஒரே ஆளால் முடியாது என்பதால் மிஷினைப் பாண்டுரங்கன் மிதித்தான், அச்சு: பாண்டுரங்கன் என்று அவனுடைய சொந்தப் பேரும் கடைசிப் பக்கத்தில் வந்தது.

சேர்ந்து எழுந்த அன்றைக்கு அம்மாவும் மகளும் மேட்டுப்பாதையில் வீட்டுக்கு நடந்தார்கள். பெரியம்மாளுக்கு வாய் ஓயவில்லை. கெங்கம்மா, முள்ளு கீது பாத்து வா. கெங்கம்மா, சுருக்குப்பை எடுத்தியா. கெங்கம்மா, மழை வருமா பாரு. கெங்கம்மா, ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்ட்டேன். ஒவ்வொன்றுக்கும், அம்மாவுக்குக் கேட்காது என்று தெரிந்தும், மகள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். எதிரில் வந்தவர்கள் சந்தை கலைந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்கள்.