மேடு ஏறாத வேன்

சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வந்து வேனை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. வாக்குக் கொடுத்தது என் வீட்டுக்காரர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேலை போன பிறகு அவர் தன் கையாலேயே அதற்குள் கட்டில், அலமாரி, அடுப்பு மேடை, தண்ணீர் டேங்க் எல்லாம் அமைத்தார். ஊர் ஊராகப் போய்த் தங்கலாம் என்று எனக்கு ஆசை காட்டினார். ஆனால் கிளம்பிய ஒவ்வொரு தடவையும் மேட்டில் என்ஜின் நின்றுபோனது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே எங்கள் மானத்தை வாங்கினார்கள். அதற்குப் பிறகு மனிதர் ஸ்பானரைத் தொடுவதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். வேன் போனால் போகட்டும், இவர் இப்படியே இருந்துவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம்.

மெக்கானிக் பம்ப்பை மாற்றினார், ஃபில்டரை மாற்றினார். அவர் ஓட்டினால் அதே மேட்டில் சமர்த்தாக ஏறுகிறது. "வண்டி தங்கம்க்கா" என்கிறார். தங்கத்தை யாராவது பழைய இரும்புக்குப் போடுவார்களா?

பாத்திரம் கழுவும்போதும் அதே யோசனைதான். மெக்கானிக் ஓட்டினால் ஓடுகிறது, எங்களுக்கு மட்டும் நிற்கிறது. அப்படி என்ன வித்தியாசம்? அவருடைய ஷெட்டுக்குப் போகும்முன், வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்று சாமான்களையெல்லாம் இறக்கிவிடுவோம். தண்ணீர் டேங்கைக்கூடக் காலி செய்துவிடுவோம். கையிலிருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தேன்.

"ஏங்க, சாவியக் குடுங்க."

"எதுக்கு? அது செத்த வண்டி."

"போஸ்ட்மார்ட்டம் பண்ணப் போறேன். குடுங்க."

டேங்கை வழிய வழிய நிரப்பினேன். படுக்கை, பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி மேட்டில் வழக்கம்போல நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அடியில் நுழைந்தேன்.

தண்ணீர் டேங்குக்குக் கீழே இருந்த பலகை பாரம் தாங்காமல் தொங்கி, பெட்ரோல் போகும் ரப்பர் குழாயை இரும்புச் சட்டத்தோடு சேர்த்து நசுக்கிக்கொண்டிருந்தது. சமதரையில் கசிந்து போகும் கொஞ்சம் பெட்ரோலே போதும். மேட்டில் போதவில்லை. டேங்க் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் ரோட்டில் ஓட ஓட, பலகை மேலே எழும்பியது. சாவியைத் திருப்பினேன். வேன் உச்சிவரை ஏறியது.

"நான் வெச்ச டேங்க்தானா?" என்றார்.

"ஆமா. நீங்க வெச்சதுதான்."

எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. வீடு வந்ததும் நேராக உள்ளே போனார். அவ்வளவுதான், மறுபடியும் சுவர் என்று மனம் விட்டுப்போனது. ஆனால் ரம்பத்தோடு வெளியே வந்து வேனுக்கு அடியில் படுத்தார்.

வாசலில் இரும்புக்காரரின் லாரி ஹாரன் கேட்டபோது அவருடைய கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"வண்டி குடுக்கறதா இல்லன்னு அவர்கிட்ட சொல்லிடு" என்றார் அடியிலிருந்தே.

"நீங்கதான வாக்குக் குடுத்தீங்க? நீங்களே வந்து சொல்லுங்க."

ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். அதைத் துடைக்கக்கூட இல்லை, விடுவிடுவென்று வாசலுக்குப் போனார். நான் உள்ளே போய் நன்றாக அழுதேன்.