களிமண் குழந்தையின் தலை

நிக்கனோர் அசபாச்சேக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. ஊர் முழுக்க அவனே அப்படிச் சொல்லி வைத்திருந்தான். வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணி. மூன்று ஆள் ஆழ அகழாய்வுக் குழியில், மோச்சே என்ற பழங்கால மக்களின் கல்லறை ஒன்றில் மண்டியிட்டு, தூரிகையால் ஒரு பானையின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். சும்மா பானை இல்லை. அதன் மேல் களிமண் உருவங்கள்: காலை விரித்து உட்கார்ந்த ஒருத்தி, பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்த ஒருத்தி, முன்னால் கை நீட்டிய மருத்துவச்சி. நடுவில் குழந்தையின் தலை மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தது. ஆயிரத்து ஐந்நூறு வருஷமாக வந்துகொண்டே இருந்தது. நிக்கனோரின் தூரிகை பட்டதும் வந்தேவிட்டது. அவரைக்கொட்டை அளவு தலை, அவன் உள்ளங்கையில்.

அவன் சட்டென்று விரல்களை மூடிக்கொண்டான்.

தினமும் குழியில் இறங்குமுன் மேஸ்திரி செகுண்டோ சிகரெட் பற்றவைப்பார், மண்ணில் சோளத்தில் வடித்த கள் கொஞ்சம் ஊற்றுவார், பிறகு எல்லார் முகத்தையும் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: "யார் வீட்லயாவது பொம்பள மாசமா இருக்காளா?" இருந்தால் அந்த ஆள் வெயிலில் மண் சலிக்கப் போக வேண்டும். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பழையவர்களின் மூச்சு கல்லறை திறக்கும்போது கிளம்பும். அப்பன் மேல் ஏறிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வயிற்றுப் பிள்ளையைத் தொடும்.

நிக்கனோரின் மனைவி டொமிட்டிலாவுக்கு எட்டு மாதம். பதினோரு வருஷம் தள்ளுவண்டி தள்ளிய பிறகு இப்போதுதான் அவன் கைக்குத் தூரிகை வந்திருந்தது. வாயை மூடிக்கொண்டான். மூச்சாவது, தொடுவதாவது.

"என்னடா, கீழ சத்தத்தையே காணோம்?" மேலிருந்து செகுண்டோ எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல மாமா. தூசி."

தலையைச் சட்டைப் பைக்குள் போட்டான். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் ஒட்டிவிடலாம் என்பது அவன் திட்டம். திட்டம் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான்.

கால்மணி நேரம் ஆகவில்லை, மேட்டடியில் ஆட்டோ ஹாரன் விடாமல் அடித்தது. பக்கத்து வீட்டு வில்மர். "நிக்கனோர் அண்ணே, அண்ணிக்கு வலி எடுத்துருச்சு. சுகாதார நிலையத்துல கொண்டுபோய் விட்டுட்டுத்தான் வரேன். நாள் இருக்கேன்னு நர்ஸ் திட்டுறாங்க."

குழியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் வேலையை நிறுத்தினார்கள். செகுண்டோ திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டு, "ஓடு" என்றார்.

ஆட்டோ கரும்புத் தோட்டத்தைத் தாண்டும்போதுதான் சட்டைப் பை நெஞ்சில் உறுத்தியது. நிக்கனோர் அதைத் தொட்டுப் பார்த்தான். மூச்சைத்தான் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். அவனோ தலையையே எடுத்துக்கொண்டு பிரசவ அறைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

தூக்கி எறியலாமா? எறிந்தால் அது எங்கே போகும், யாரைத் தேடும்?

"வண்டியத் திருப்பு."

"அண்ணே, பொண்டாட்டி அந்தப் பக்கம்."

"தெரியும்டா. திருப்பு."

"பயந்துட்டீங்களா?"

"ஆமா," என்றான் நிக்கனோர். முப்பத்து நாலு வயதில் முதல் தடவையாகச் சொன்ன வார்த்தை.

அகழாய்வை நடத்தும் டாக்டர் மிரெல்லா, அவன் நீட்டிய உள்ளங்கை மேல் குனிந்தார். லென்ஸை எடுத்துத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உடைஞ்ச இடத்துல உப்பு பூத்திருக்கு, பாத்தீங்களா? இது அந்தக் காலத்துலயே உடைஞ்சது. மண்ணுதான் பிடிச்சு வெச்சிருந்துச்சு. நீங்க உடைக்கல." அவன் மூச்சு விடுமுன் தொடர்ந்தார். "ஆனா பையில போட்டுட்டுப் போனது நீங்கதான். தூரிகையக் குடுங்க."

கொடுத்தான். தள்ளுவண்டி என்றாலும் சரி, கழுதை வண்டி என்றாலும் சரி, அவனுக்கு இப்போது வேறு கவலை.

"டாக்டரம்மா, அத இருந்த எடத்துலயே வெக்கணும்," என்றார் செகுண்டோ. "அங்க பிள்ள பொறக்குறதுக்குள்ள."

"போட்டோ எடுக்காம, அளவு எடுக்காம எதையும் ஒட்டக் கூடாது. உங்களுக்கே தெரியும்."

நிக்கனோர் தலையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி சுகாதார நிலையம் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "ரெண்டு நிமிஷம் எழுதணும். எழுதும்போது எனக்குக் கண்ணு தெரியாது. பசை மட்டும் வேண்டாம்."

ஏறிய மூச்சை இறக்க செகுண்டோ அவன் உச்சந்தலையில் புகை ஊதினார், வாயில் கரும்புச் சாராயத்தைக் கொப்பளித்து முகத்தில் துப்பினார், அருவதா மூலிகைத் தழையால் முதுகில் நாலு சாத்து சாத்தினார். நாலாவது அடி கொஞ்சம் சொந்தக் கோபம்.

குழிக்குள் இறங்கியதும் புதுச் சிக்கல். முகம் எந்தப் பக்கம்?

"மேல பாத்துத்தான் வரும்," என்றார் செகுண்டோ.

"நீங்க பாத்திருக்கீங்களா மாமா?"

"அஞ்சு பிள்ளைக்கும் நான் சாராயக் கடையிலதான் இருந்தேன்."

மேலிருந்து, திரும்பாமலே, டாக்டரின் குரல் வந்தது. "கீழ பாத்து."

நிக்கனோர் முகத்தைக் கீழே பார்க்க வைத்து, மெல்ல அழுத்தி, சுற்றிலும் ஈர மண் அணைத்தான். தலை நின்றது. 'தம்பி, நீ இங்கேயே இரு. எங்கூட வராத' என்று காதருகே சொன்னான். தம்பியோ தங்கையோ, அவசரத்தில் கேட்கத் தோன்றவில்லை.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் அவன் மேல் அடித்த வாடையை ஒரு தடவை முகர்ந்தாள். "பொண்டாட்டி உள்ள கத்துறா, இவரு ஒரு ரவுண்டு போட்டுட்டு வராரு," என்று கதவைச் சாத்தினாள்.

அவன் வராந்தாவில் நின்றான். நேரம் ஆயிற்று. உள்ளே டொமிட்டிலா அவனுடைய பரம்பரையையே பெயர் சொல்லித் திட்டுவது கேட்டது. அது கேட்டவரை அவனுக்கு உயிர் இருந்தது. பிறகு திட்டும் நின்றது. நிக்கனோர் கதவில் காதை வைத்தான்.

மெல்லிசாக ஓர் அழுகை.

கதவு திறந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வியை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

"தலை இருக்கா?"

"தலை இல்லாம எதுய்யா அழும்?" என்றாள் நர்ஸ். "பொண்ணு. எடை கம்மி, வேற குறை ஒண்ணுமில்ல. போய்க் கழுவிட்டு வா."

குழாயடியில் கையைக் கழுவினான். போதவில்லை என்று தோன்றியது, மறுபடி கழுவினான். முழங்கை வரை, கழுத்து வரை, சட்டையைக் கழற்றிவிட்டு மார்பு வரை. கழுவி முடித்தும் உள்ளே போகாமல் குழாயடியிலேயே நின்றான். உள்ளேயிருந்து டொமிட்டிலாவின் சோர்ந்த குரல் கேட்டது.

"நர்ஸம்மா, அந்த ஆளு வெளிய நடுங்கிக்கிட்டு நிப்பாரு. கையப் பிடிச்சு இழுத்துட்டு வாங்க."